ஆதம்பாவாவின் கோணல் கார்

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டும் பாத்திரமும் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோனது ஒரு பை நிறைய இரும்பு. ராமேஸ்வரத்துக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த, எழுபதுகள் முடிகிற காலம் அது. தலைமன்னாரில் சுங்க அதிகாரி என் பையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு திறந்தார். கைலியில் சுற்றி வைத்திருந்த ஸ்டீரிங் மூட்டு ஒன்றை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். இது என்ன என்று கேட்டார். காரின் முன்சக்கரத்தில் மாட்டுகிற சாமான் என்றேன். கார் எங்கே என்றார். கல்முனையில் என்றேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். விட்டுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். என் அக்கா ஜமீலாவைக் கல்முனையில் கட்டிக்கொடுத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. மச்சான் கொழும்பில் கடை வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒருதரம் ஊருக்கு வந்துபோவார். அவருடைய தம்பி ஆதம்பாவா வாடகைக் கார் ஓட்டுகிறவன். தாய் தகப்பன் இல்லை. அடுத்த வளவில் ஓர் அறையில் படுக்கை, சாப்பாடு அக்கா வீட்டில். அவனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, கார் ஒரு பக்கமாக இழுக்கிறது, நீ பஸ் கம்பெனியில்தானே இருக்கிறாய், முன்சக்கரச் சாமானோடு வந்து சேர் என்று அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்போதுதான் இலங்கையில் புது ஜப்பான் வேன்கள் வந்து இறங்கத் தொடங்கியிருந்தன. பழைய இங்கிலீஷ் காருக்குச் சாமான் விற்பதைக் கடைக்காரர்கள் கேவலமாக நினைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பேன், கையெழுத்து வாங்குவேன். அதுவரை என் ஆயுளில் ஒரு நட்டைத் திருகியது கிடையாது. ஆனால் அக்கா தெருவில் என்ன சொல்லி வைத்திருந்தாளோ, இந்தியாவிலிருந்து பெரிய மெக்கானிக் வருகிறார் என்று ஊர் காத்திருந்தது.

கல்முனை பஸ் நிலையத்தில் இறங்கி நின்றேன். எதிரே ஒரு சின்னக் கார் வந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன், குற்றம் கம்பெனிமேல் இல்லை. காரின் மூக்கு ரோட்டோரத்துத் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போச்சு, கடைக்குள் விடப்போகிறான் என்று நினைத்தேன். விடவில்லை. மூக்கைக் கடைப்பக்கம் காட்டியபடியே, பின்பக்கத்தை நடுரோட்டுக்கு நீட்டிக்கொண்டு, நேராக என் முன்னால் வந்து நின்றது. வலது பின்மூலை தாழ்ந்து கிடந்தது. வெளுத்த சட்டையும் தொப்பியுமாக ஒல்லியாய் ஒருவன் இறங்கி, சலாம் சொல்லி, என் பையை வாங்கினான். பையின் கனத்தில் அவன் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளை முகம் பிறகு பலநாள் அப்படி மலரவில்லை.

வழியெல்லாம் முன்கண்ணாடியில் எனக்கு வேலியும் தென்னையும்தான் தெரிந்தன. ரோடு எங்கே என்று தேடினால் ஆதம்பாவாவின் பக்கத்தில் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தபடி அமைதியாக ஓட்டினான். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். தேநீர்க்கடை வாசலில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, திடுக்கிட்டால் ஓதுகிற 'லாஹவ்ல' சொன்னது காதில் விழுந்தது. இந்தியாவிலிருந்து வருகிறவனுக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது எனக்கில்லை என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அக்கா பிட்டும் கணவாய்க் கறியும் வைத்தாள். பிறகு தயிர். எங்கள் ஊரில் தயிரைக் கரண்டியால் ஊற்றுவார்கள். இங்கே எருமைத் தயிர் மண்முட்டியில் உறைந்திருக்கிறது, முட்டியைக் கவிழ்த்தாலும் அசையாது. அக்கா கரண்டியை ஓங்கி இறக்கி வெட்டி எடுத்தாள். அந்தத் தயிரும் சீனியும் பிட்டும் வாய்க்குள் இருக்கும்போதே கதையைச் சொன்னாள். ஆதம்பாவா எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

அவனுக்குப் பேசியிருந்தது மைமூன் உம்மா என்ற விதவையின் ஒரே மகள் பரீதாவை. வயல் வைத்திருக்கிற குடும்பம். பேச்சு முடிந்து, இனிப்புக் கொண்டுபோன நாளில், இந்தக் காரின் பின்பக்கம் மைமூன் உம்மாவின், தென்னோலை முடைந்த கிடுகு வேலியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முன்பக்கம் ஒழுங்காகத்தான் திரும்பியதாம். அன்றைக்கு யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள், மாப்பிள்ளை குடித்திருக்கிறான் என்று. பிறகு அவன் ரோட்டில் போகும்போதெல்லாம் ஊர் பார்த்தது. கார் ஒரு மாதிரி, ரோடு ஒரு மாதிரி போனது. முஸ்லிம் ஊரில் இதைவிடப் பெரிய பழி கிடையாது. பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மார் அவனைக் கூப்பிட்டு வாயை ஊதிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஊதினான். ஒன்றும் மணக்கவில்லை. மணக்காத சாராயமும் இப்போது வருகிறது என்று அவர்களில் ஒருவர் சொல்லிவிட்டார்.

இந்தக் கரையின் வழக்கம் வேறு. எங்கள் பக்கம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவோம். இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். வீடு பெண்ணுடையது. அந்தத் தெருவிலேயே புருஷன் ஊருக்கு வந்து குடித்தனம் செய்கிறவள் அக்கா ஒருத்திதான், அதை இன்னும் அதிசயமாகப் பேசுகிறார்களாம். ஆக மைமூன் உம்மா ஒரு ஆணைத் தன் கூரைக்குள் எடுக்கிறார். குடிகாரன் என்றால் சாகும்வரை அவருடைய அடுப்படியில்தான் விழுந்து கிடப்பான். அந்த அம்மா பயந்ததில் குற்றம் சொல்ல முடியவில்லை. சரி, என் பையில் மருந்து இருக்கிறது, இரண்டு நாளில் காரை நேராக்கிவிடலாம் என்று அக்காவுக்குத் தைரியம் சொன்னேன். ஸ்டோர்காரனின் வாய் அது.

மறுநாள் கராஜுக்குப் போனோம். செல்லத்துரை பாஸின் கராஜ். கைத்தொழிலில் தேர்ந்தவரை இங்கே பாஸ் என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். உரத்த குரல், பெரிய மீசை, தான் பார்க்காத காரே கிழக்கு மாகாணத்தில் இல்லை என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். எனக்கு ஒரு முக்காலி போட்டு, பிளேன்டி வரவழைத்தார். பால் இல்லாத தேநீரை இங்கே உபசாரமாகக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊரில் பால் இல்லையென்றால் மன்னிப்புக் கேட்பார்கள். குடித்துப் பழகினால் அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

பாஸ் காரைச் சுற்றி வந்துவிட்டு ஆதம்பாவாவிடம் கேட்டார், "தம்பி, எங்கயும் அடிபட்டதா? பள்ளத்துல கிள்ளத்துல உழுந்ததா?"

"இல்ல பாஸ்."

"பாரம் ஏத்தினதா? ஒண்டும் சத்தம் கேக்கல்லயா?"

"ஒண்டும் கேக்கல்ல" என்றான் ஆதம்பாவா. சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

அப்படியென்றால் முன்சக்கர மூட்டுகள்தான் தேய்ந்திருக்கின்றன என்று பாஸ் தீர்ப்புச் சொன்னார். என் சாமான்களைப் பார்த்ததும் அவர் கண் மின்னியது. ஒவ்வொன்றையும் மாட்டுமுன் என்னிடம் காட்டுவார். நான் தலையாட்டுவேன். இந்தியா மெக்கானிக்கே சரி சொல்லிவிட்டார் என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டு மாட்டுவார். எல்லாம் மாட்டியபின் நேர்பார்க்க வேண்டுமே. பின்சில்லில் ஒரு நூலைக் கட்டி, முன்சில்லு வரை இழுத்துப் பிடித்தார். இங்கே சக்கரத்துக்குச் சில்லு என்று பேர். பின்சில்லு திரும்பாத சில்லு, அதுதான் அளவு, அதன் நேருக்கு முன்சில்லைக் கொண்டுவர வேண்டியதுதான் என்று எனக்கு விளக்கினார். கேட்க நியாயமாக இருந்தது. தலையாட்டினேன்.

பிறகு காரை ஓட்டிப் பார்த்தோம். முன்பெல்லாம் ஸ்டீரிங்கை ஒடித்துப் பிடித்தால்தான் அது ரோட்டில் நிற்கும். இப்போது கையை விட்டாலும் நின்றது. அதே கோணலில் நின்றது. மூக்கு வேலியைப் பார்க்க, வால் நடுரோட்டில் நீள, கார் எந்தச் சிரமமும் இல்லாமல் சொகுசாகக் குறுக்கே போயிற்று. நான் கடல் தாண்டிச் சுமந்துவந்த இரும்பு செய்த வேலை அதுதான்.

காரைதீவு தாண்டி ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. பஸ்காரர் எங்கள் மூக்கைப் பார்த்து, நாங்கள் ஓரத்து ஒழுங்கைக்குள் திரும்புகிறோம் என்று நினைத்திருக்கிறார். இங்கே சந்துக்கு ஒழுங்கை என்று பேர். நாங்கள் திரும்பவில்லை. அவர் பிரேக்கைப் போட்டதில் உள்ளே நின்றவர்கள் முன்னால் வந்து குவிந்தார்கள். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "நீ எந்தப் பக்கத்தால போறாய் எண்டு ஒரு முடிவெடுத்துச் சொல்லு, நாங்க மத்தப் பக்கத்தால போறம்" என்று கத்தினார். பஸ்ஸுக்குள்ளிருந்து முக்காடு போட்ட தலைகள் எட்டிப் பார்த்தன. ஆதம்பாவா அவற்றில் ஒன்றைக் கண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மைமூன் உம்மாவின் பக்கத்து வீட்டுக்காரியாம்.

வியாழன் காலை அக்கா என்னை அழைத்துக்கொண்டு மைமூன் உம்மா வீட்டுக்குப் போனாள். நடந்து போனோம். அந்த வீட்டுக்கு அந்தக் காரில் போகிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை. புதுக் கிடுகு கட்டிய வேலி. வாசலில் ஒரு கதிரையில் மைமூன் உம்மாவின் தம்பி அலியார் உட்கார்ந்திருந்தார். வயலைப் பார்ப்பது அவர்தான். எனக்குச் சலாம் சொன்னவர், பேச்சு காரைத் தொட்டதும் முகம் கழுவ என்று எழுந்து கிணற்றடிக்குப் போனார். எவ்வளவு நேரம் முகம் கழுவ முடியுமோ அவ்வளவு நேரமும் கழுவினார். திரும்பி வரவேயில்லை.

மைமூன் உம்மா குள்ளமான, நிதானமான பெண். முதலில் எங்களைச் சாப்பிட வைத்தார். கீரிமீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, ஒரு மாதிரிச் சிவந்த அரிசிச் சோறு. எங்கள் தாமிரபரணி அரிசிக்குக் கொஞ்சமும் குறைவில்லை என்று சொன்னேன். அந்த அம்மா முகத்தில் முதல்முறையாகச் சந்தோஷம் தெரிந்தது. சொந்த வயல் நெல், போன அறுவடை, மழைக்கு முந்திச் சூடடித்து வீட்டுக்கு வந்த நெல், அல்லாஹ் தந்த பறக்கத்து என்றார். நான் இன்னொரு தரம் வாங்கிக்கொண்டேன்.

சாப்பிட்டுக் கைகழுவியபின் அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். கோளாறு காரில்தான், ஆள் தங்கம், தம்பி இந்தியாவிலிருந்து அதற்காகவே வந்திருக்கிறான் என்றாள். மைமூன் உம்மா முழுக்கக் கேட்டார்.

"காரில குத்தம் எண்டா கராஜில நேராக்கலாம் புள்ள. ஆளில குத்தம் எண்டா நான் எங்க கொண்டுபோய் நேராக்குற?" என்றார். "சம்மாந்துறையில ஒரு வாத்தியாரும் கேட்டிரிக்கார். சைக்கிள்தான் வச்சிரிக்கார். நேராப் போறார்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அவர் குடிக்கிறல்ல உம்மா."

"நீ கண்டியா?"

பரீதாவுக்கு ஆதம்பாவா வேண்டும் என்பது அந்த மூன்று வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. கடைசியில் மைமூன் உம்மா ஒரு தவணை கொடுத்தார். நாளைக்கு ஜும்ஆ தொழுது முடிந்ததும் ஆதம்பாவா அதே காரில் இந்த ஒழுங்கைக்குள் வரட்டும். நான் வேலி வாசல் கடப்படியில் நிற்பேன். நேராக வந்தால் பேச்சு நேராக நடக்கும். வேலியில் ஒரு கிடுகு அசைந்தாலும் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்புவேன் என்றார். அதோடு பேச்சு முடிந்து, வெற்றிலைத் தட்டம் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடைக்குள் ஒதுங்கினோம். மழை விட்டபின் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையும்போது அக்கா நின்றாள். கடலோரத்து மணல், மழையில் இறுகிப் பலகைபோல் கிடந்தது.

"தம்பி, நம்மட வீட்டுக்கு ரெண்டு கார் வந்திரிக்கி" என்றாள். இருபது வருஷத்தில் அவள் பேச்சு முழுக்கக் கல்முனையாகிவிட்டிருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். வாசலில் ஆதம்பாவாவின் கார் மட்டும்தான் நின்றது. மழைக்குப் பின் வந்து நின்றிருக்கிறது. ஆனால் மணலில் நாலு தடம். நேராகப் போகிற காருக்கு முன்சில்லு போன தடத்திலேயே பின்சில்லும் போகும், இரண்டு கோடுதான் விழும். இது நாலு கோடு போட்டிருந்தது. பின்சில்லு இரண்டும் வலப்பக்கம் தள்ளி, தனக்கென்று ஒரு ரோடு வைத்துக்கொண்டு போயிருந்தன. கோளாறு முன்னால் இல்லை. அளவென்று நூலைக் கட்டினோமே, அந்தப் பின்சில்லில் இருந்தது.

கைலியை மடித்துக் கட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாகனத்தின் அடியில் நுழைந்தேன். அச்சை வலப்பக்கம் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைகளின்மேல் சேறு காய்ந்து அடைபோல் இருந்தது. ஒரு கம்பியால் தட்டினேன். பெயர்ந்து என் மார்பில் விழுந்தது. சேற்றுக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் நெல். இரண்டு மூன்று மணி வெளுத்த மஞ்சளாக முளைத்தும் இருந்தன. சேறு போன இடத்தில் பார்த்தால், அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட்டுக்குத் தலையே இல்லை. அச்சு அந்தப் பக்கம் மட்டும் இரண்டு விரல்கடை பின்னால் சறுக்கி உட்கார்ந்திருந்தது. மேல் பட்டை ஒன்று தொய்ந்தும் போயிருந்தது.

வெளியே வந்து ஆதம்பாவாவின் முன் கையை விரித்தேன். நெல் ஏன் காருக்கடியில் முளைக்கிறது என்று கேட்டேன். அக்காதான் புரிந்துகொண்டாள்.

"யார்ட சூடு?" என்று கேட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது கதை. வெட்டிய நெற்கதிரைக் களத்தில் குவித்து வைப்பதற்குச் சூடு என்று பேர். அதைப் பரப்பி, டிராக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லை உதிர்ப்பார்கள். போன அறுவடையில், கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, சாகாமம் பக்கத்து வயலில் ஒரு சூடு நின்றது. வரவேண்டிய டிராக்டர் வரவில்லை. வானம் கறுத்துவிட்டது. மழை விழுந்தால் அந்த வருஷத்துச் சோறு போச்சு. டிராக்டருக்குப் பொறுப்பு அலியார்தான். அவர் ரோட்டில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டிருந்தபோது ஆதம்பாவா வாடகைக்கு ஏறியவர்களை இறக்கிவிட்டு அந்த வழியாக வந்திருக்கிறான். சூடு யாருடையது என்று கேட்டான். மைமூன் உம்மாவுடையது என்றதும் காரைக் களத்துக்குள் இறக்கிவிட்டான்.

பின்னேரம் முழுக்க அந்தச் சின்னக் கார், வைக்கோலுக்குமேல், இடப்பக்கமாகவே வட்டம் போட்டிருக்கிறது. பாரமெல்லாம் வலது பின்சில்லின்மேல். மழைக்கு முன் பாதி உதிர்ந்திருக்கும்போது அடியில் டக்கென்று ஒரு சத்தம். அவன் கேட்டான். அலியாரும் கேட்டார்.

எங்கள் ஊராயிருந்தால் அப்போதே நிறுத்தி எட்டிப் பார்த்திருப்போம். இந்த ஊர்க் களத்தில் அது முடியாது. களத்தில் பேசுகிற பேச்சே வேறு. இங்கே போதும் என்பதற்குச் சொல்கிற காணும், முடிந்தது, உடைந்தது, இல்லை என்ற சொற்களை அங்கே யாரும் உச்சரிக்க மாட்டார்கள். சொன்னால் நெல்லின் பறக்கத்து போய்விடும். வாயில் வரவேண்டியது பொலி ஒன்றுதான். பெருகட்டும் என்று அர்த்தம். அலியார் காரருகே ஓடிவந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "பொலி" என்றார். ஆதம்பாவாவும் "பொலி" என்றான். மிச்ச வட்டத்தையும் ஓட்டி முடித்தான். நெல் நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தது. களத்துக்குப் பெண்கள் போவதில்லை. டிராக்டர்தான் அடித்தது என்று அலியார் தன் ராத்தாவிடம், அக்கா மைமூன் உம்மாவிடம், சொல்லிவிட்டார். அவருடைய வெட்கம் அவருக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சரிடா, களத்துல சொல்லக்கூடாது. கராஜுல சொல்லலாமே? பாஸ் ரெண்டுதரம் கேட்டாரே? நானே கடல் தாண்டி இரும்பு சுமந்து வந்தேனே?" என்று கத்தினேன்.

"அந்த நெல்லுதான் மச்சான் அவட வீட்டு அரிசி" என்றான் ஆதம்பாவா. "இன்னும் திண்டு முடியல்ல. அதுக்கு முதல் அதுல ஒடஞ்சி எண்டு ஒரு சொல்லு சேரப்படா."

"உன்னைக் குடிகாரன்னு ஊரே சொல்லுது."

"அது என்னோட போகும்."

அவள் வீட்டில் சொல்லமாட்டோம் என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

அன்றைக்கே காரைக் கராஜில் கொண்டுபோய் விட்டோம். பாஸ் அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் அப்பவே நினைச்சன் என்றார். நினைத்ததை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அவருடைய கராஜ். எப்படி உடைந்தது என்று கேட்டார். தெரியா பாஸ் என்றான் ஆதம்பாவா. ஒரு டிராக்டர்ப் பெட்டியிலிருந்து போல்ட் ஒன்று தேடி எடுத்து, அரத்தால் ராவி அளவாக்கினார்கள். சறுக்கிய அச்சுக்குச் சங்கிலி போட்டு, தென்னை மரத்தில் கட்டி, நாலுபேர் நெம்பி இழுத்து இடத்தில் உட்கார வைத்தார்கள். தொய்ந்த பட்டைக்கு மாற்று இல்லை, அது அப்படியே இருக்கட்டும் என்றார் பாஸ். வெள்ளி காலையில் முன்சில்லை மறுபடி நூல் பிடித்தார்கள். இந்தமுறை தலையாட்ட நான் போகவில்லை.

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியிலிருந்து கார் புறப்பட்டது. ஆதம்பாவா ஓட்ட, நான் பக்கத்தில், வழியில் ஏறிய அக்கா பின்னால். முன்கண்ணாடியில் ரோடு தெரிந்தது. எனக்கு அது புதிதாக இருந்தது. பள்ளி வாசலில் நின்றவர்கள் செருப்பைப் போட மறந்து பார்த்தார்கள். தேநீர்க்கடைப் பெரியவர் இந்தமுறை ஒன்றும் ஓதவில்லை. சைக்கிள்காரர்கள் இறங்கவில்லை.

மைமூன் உம்மாவின் ஒழுங்கை குறுகலானது. இருபுறமும் வேலி. கடப்படியில் அவர் சொன்னபடியே நின்றார். பின்னால் அலியார். ஒழுங்கையின் மற்ற வீடுகளிலும் வேலிக்கு மேலே தலைகள். கார் நுழைந்தது. மூக்கு போன வழியே வால் போயிற்று. வலது மூலை கொஞ்சம் தாழ்ந்திருந்ததே தவிர, ஒரு கிடுகு அசையவில்லை. கடப்படிக்கு நேரே நின்றது.

மைமூன் உம்மா காரைச் சுற்றிவந்தார். வேலியைப் பார்த்தார். பிறகு இறங்கி நின்ற ஆதம்பாவாவை அருகில் வந்து பார்த்தார். அவர் கண்ணில் நீர் நின்றது.

"எப்ப உட்டீங்க மகன்?" என்று கேட்டார்.

அவனுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"குடியக் கேக்குறன். ஒரு மனுசன் அத உட்டுட்டு இப்பிடி நேரா வந்து நிக்கிறது லேசில்ல, எனக்குத் தெரியும். என்ட வாப்பா உட ஏலாமத்தான் மௌத்தானார்" என்று செத்துப்போன தகப்பனைச் சொன்னார். "தொடாத ஆளவிட, தொட்டுட்டு உட்ட ஆளத்தான் நான் நம்புவன்."

எனக்குத் தலைக்கு ஏறியது. அட அம்மா, அவன் தொட்டதே இல்லை, உன் சூட்டில் உடைந்த கார் அது என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பின்னாலிருந்து அக்கா என் கையைக் கிள்ளினாள். தோல் கையோடு வந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டான்.

"ஓம் மாமி" என்றான். "உட்டுட்டன்."

மைமூன் உம்மா அவன் தலையில் கைவைத்தார். உள்ளே திரை அசைந்தது. அதுவரை பின்னால் நின்ற அலியார் ஒரே எட்டில் வந்து ஆதம்பாவாவின் கையைப் பிடித்தார். தோள் குலுங்க அழத் தொடங்கினார்.

மைமூன் உம்மா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "நீ என்னடா அழுற? நீயும் குடிச்சயா?" என்று கேட்டார்.

அலியார் பிடித்த கையை விடாமலே, "ஓம் ராத்தா" என்றார்.